இருவர் ஆடும்போது எதைப் பார்ப்பது?

வாசகர் கேள்வி: மார்ச் 9, காலை

நேற்று மாலை நுங்கம்பாக்கத்தில் நடந்த சமகால இருவர் நடன நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். டிக்கெட் 300 ரூபாய். நான்கு ஜோடிகள், ஒன்றேகால் மணி நேரம். ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். ஆணும் பெண்ணும் ஆடினால் காதல் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டினால் அதற்கு என்ன பொருள்? பாட்டு இல்லை, அபிநயம் இல்லை, கதை இல்லை. எனக்குத்தான் புரியவில்லையா, புரிந்துகொள்ள அதில் ஒன்றுமே இல்லையா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு 11.20

நானும் அங்கேதான் இருந்தேன். இடது பக்கம், மூன்றாவது வரிசை. உங்கள் கேள்வியைக் காலையில் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. எனக்கும் முதல் சில ஆண்டுகள் இதே கேள்விதான் இருந்தது, கேட்கத்தான் துணிவில்லை.

கதையைத் தேடாதீர்கள். எடையைப் பாருங்கள்.

முதலில் ஆடிய இரண்டு பெண்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். நான்கு நிமிடம் அப்படியே. "இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்று என் பின்வரிசையில் ஒருவர் கேட்டார். ஆரம்பித்துவிட்டிருந்தது. நீலச் சட்டை அணிந்தவரின் இடது குதிகால் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியிருந்தது. பார்வைக்கு அவர் நேராக நிற்பதுபோல் இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்தால் விழுந்துவிடுவார் என்ற நிலை. மற்றவரின் பாதங்களைப் பார்த்தேன். விரல்கள் பத்தும் கறுப்பு விரிப்பைக் கவ்விப் பிடித்து நகக்கண்கள் வெளுத்திருந்தன. முகத்தில் அதன் அடையாளமே இல்லை. மேலே அமைதி, கீழே அத்தனை உழைப்பு. பிறகு அவர்கள் பிரிந்தபோது நீலச் சட்டையின் முதுகில் ஐந்து விரல்களும் தெரியும்படி வியர்வையில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. ஆட்டம் முடியும்வரை அது காயவில்லை. நானும் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தூங்கும் குழந்தையைத் தூக்கியவர்களுக்கு ஒன்று தெரியும். விழித்திருக்கும்போது இடுப்பில் இலேசாக உட்கார்ந்திருந்த அதே பிள்ளை தூங்கியதும் கனக்கும். எடை கூடிவிடவில்லை. விழித்திருக்கும் குழந்தை நம் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கால்களால் இடுப்பைக் கவ்வி, தன் எடையை நம் உடலோடு ஒட்ட வைத்துக்கொள்கிறது. தூங்கியதும் கையும் காலும் தொங்க, எடை நம்மைவிட்டு வெளியே போய்விடுகிறது. பிணக் கனம் என்று சொல்வதும் இதைத்தான். இரண்டாவது ஜோடியில் அவன் அவளைத் தூக்கினானே, அது உங்களுக்குக் காதலாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவள் விழித்திருக்கும் குழந்தையாகவும் தூங்கும் குழந்தையாகவும் மாறி மாறி இருந்ததாகப் பட்டது. ஒரு முறை அவன் கையில் இறகுபோல இருந்தாள். அடுத்த முறை அதே கையிலிருந்து மூட்டைபோல வழிந்து இறங்கினாள். அதைக் கோபம் என்று சொல்லலாம், அலுப்பு என்று சொல்லலாம், நம்பிக்கை போய்விட்டது என்றும் சொல்லலாம். உடலால் சொல்லும்போது மூன்றும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன.

மார்ச் 10, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு பிழை. "அவன் அவளைத் தூக்கினான்" என்று எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "நீங்கள் அவள் முழங்காலைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டாள். முழங்காலை மடக்கி முதலில் எழும்பியது அவள். அவள் மேலே போய்க்கொண்டிருந்தபோதுதான் அவன் கைகள் இடுப்புக்கு வந்து சேர்ந்தன. பாதி உயரம் அவளுடையது. பாலே நடனத்திலும் இப்படித்தான். தூக்கப்படுபவர் குதிக்காவிட்டால் எத்தனை பலசாலியாலும் அவ்வளவு எளிதாகத் தூக்க முடியாது. ஆண் தூக்குவான், பெண் தூக்கப்படுவாள் என்று நம் கண் பழகிப்போயிருக்கிறது. பழகிய கண் முழங்காலைத் தவறவிட்டுவிட்டது.

மார்ச் 11, மாலை

இன்று நாற்காலிக்காரர்கள். இரண்டு நாளாக இதை எழுதத் தயங்கினேன். எடையைப் பாருங்கள் என்று அடித்துச் சொன்னேன், ஆனால் அந்த இருவரும் ஒருவரையொருவர் தொடவே இல்லை. நான் சொன்னது முழுக்கப் பொருந்தவில்லை.

நீங்கள் கச்சேரிக்குப் போகிறவர் என்று உங்கள் பழைய பதிவுகளிலிருந்து தெரிகிறது. தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கம் ஒன்று வாசிக்கிறது, கடம் அதை வாங்கித் தன் குரலில் திருப்பித் தருகிறது. குறைப்பு வரும்போது எட்டு நான்காகிறது, நான்கு இரண்டாகிறது, கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகளை வைத்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழுகிறார்கள். அதற்குக் கதை என்ன என்று நாம் யாரும் கேட்பதில்லை. முன்வரிசையில் முன்பின் அறிமுகமில்லாத இருவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள், கோர்வை சரியாக வந்து விழுந்த கணத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையசைப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த இருவரும் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார், மற்றவர் அதை அரை மாத்திரை தள்ளி வாங்கினார். ஒருவர் காற்றில் எதையோ நிறுத்தி வைத்தார், மற்றவர் அதை எடுக்காமல் விட்டார். எடுக்காமல் விட்ட அந்த இடத்தில் அரங்கமே முன்னால் சாய்ந்தது. நீங்களும் சாய்ந்திருப்பீர்கள்.

இந்த வகைக்கு முன்னோடிகள் உண்டு. ஜொனாதன் பரோஸ் என்ற பிரிட்டிஷ் நடன அமைப்பாளரும் மத்தேயோ ஃபார்ஜியோன் என்ற இசையமைப்பாளரும் 2002-ல் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தபடி, காலடியில் குறிப்பேடு வைத்துக்கொண்டு, பெரும்பாலும் கைகளால் மட்டுமே ஒரு முழு நடனத்தை ஆடினார்கள். மார்ட்டன் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கர் எழுதிய இசையின் தாளக் கணக்கு அதற்கு அடிப்படை. ஆனால் அந்த இசை அரங்கில் ஒலிப்பதில்லை. கணக்கு மட்டும் கைகளில் நடக்கிறது. இசை ஒலிக்காவிட்டாலும் கணக்கு கண்ணுக்குத் தெரியும். தாளம் போடப் பழகிய ஊர் இது. நம்மைவிட நன்றாக இதைப் பார்க்கக்கூடியவர்கள் யார்?

ஆகவே என் முதல் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். எடையையும் பாருங்கள், இடைவெளியையும் பாருங்கள்.

மார்ச் 13, இரவு

நேற்று ஒரு நண்பர் நேரில் பார்த்தபோது, "இதெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு, நமக்கு ஒட்டாது" என்றார். அவருக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

வெளியிலிருந்து வந்தது உண்டு. 1972-ல் அமெரிக்காவில் நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிவைத்த, உடல் தொட்டபடி அந்தந்தக் கணத்தில் தோன்றுவதை ஆடும் காண்டாக்ட் இம்ப்ரவைசேஷன் என்ற முறைதான் இன்று உலகெங்கும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தும் உருண்டும் ஆடுவதன் வேர். அவர் அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பயின்றவர், விழக் கற்றுக்கொள்வதை அங்கிருந்துதான் எடுத்தார். அமெரிக்காவுக்கே அது வெளியிலிருந்து வந்த சரக்குதான்.

இங்கே என்ன இருந்தது? குரவை என்றால் எழுவரோ ஒன்பதின்மரோ கைகோத்து ஆடுவது என்கிறது சிலப்பதிகார உரை. கைகோத்தல் நமக்குப் புதிதில்லை. 1923-ல் லண்டனில் ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா ராதையாக ஆட, உடன் கிருஷ்ணனாக ஆடியவர் நம் நாட்டு நடனக் கலைஞர் உதய் சங்கர். பின்னாளில் அவர் மனைவி அமலாவுடன் ஆடி எடுத்த 'கல்பனா' படமாக்கப்பட்டது நம் ஜெமினி ஸ்டூடியோவில். படம் 1948-ல் வெளிவந்தது. அதே பாவ்லோவாவின் நட்பால்தான் ருக்மிணி தேவிக்கு நம் ஊர் நடனத்தின்மேல் கண் போனது. 1936-ல் அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. அங்கே பயின்ற தனஞ்செயன் – சாந்தா தம்பதி பரதநாட்டியத்தையே இருவர் ஆடும் ஆட்டமாக நம் கண்முன் பல ஆண்டுகள் ஆடிக் காட்டினார்கள். எது உள்ளே, எது வெளியே என்று இந்த ஊரில் கோடு கிழிப்பது கடினம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பரதநாட்டியத்தில் வர்ணம் என்ற நீண்ட உருப்படியை நினைத்துப் பாருங்கள். நாயகி அரை மணி நேரத்துக்கும் மேலாக வராத ஒருவனுக்காக ஆடுகிறாள். அவனை வரைகிறாள், வைகிறாள், சகியைத் தூது அனுப்புகிறாள். சகியும் அவளே, அவனும் அவளே. ஒரே உடலில் மூன்று பேர். அது எத்தனை பெரிய கலை என்று எனக்குத் தெரியும், என் அக்கா பதினோரு ஆண்டுகள் கற்றவள். ஆனால் வராத நாயகனுக்கு எடை கிடையாது. அவன் தடுக்க மாட்டான், வியர்க்க மாட்டான், தாளம் பிசக மாட்டான். இருவர் நடனத்தில் அவன் வந்துவிடுகிறான். வந்ததும் அவன் நினைத்தபடி இருக்க மாட்டேன் என்கிறான். இந்த மேடையில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது அந்த இடத்தில்தான்.

இதை நம் ஊரில் யாரும் முன்பே யோசிக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நடன அமைப்பாளர் சந்திரலேகா இருந்தார். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்றவர். 1952-ல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்த தன் அரங்கேற்றத்தில் யமுனையின் நீரை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, வெடித்த நிலமும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் மக்களும் கண்முன் வந்ததால் ஒரு கணம் உறைந்துபோனார். கலைக்கும் வாழ்வுக்கும் நடுவில் இருந்த அந்தப் பள்ளத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 2001-ல் அவர் உருவாக்கிய 'ஷரீரா' ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மட்டும் ஆடுவது. பெசன்ட் நகரில் கடற்கரையை ஒட்டிய அவருடைய ஸ்பேசஸ் அரங்கில் அதைப் பார்த்தேன். வீணை இசையோடு, மெல்ல, மிக மெல்ல. ஒரு கால் விரிவதற்கு ஒரு முழு ஆலாபனை ஆகும். பக்கத்தில் கடல் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றுதான் நான் முதன்முறையாகக் கதையைத் தேடுவதை நிறுத்தினேன்.

மார்ச் 14, காலை

வீணை அல்ல. ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார், நன்றி. 'ஷரீரா'வுக்குக் குண்டேச்சா சகோதரர்களின் துருபத் என்ற வட இந்திய வாய்ப்பாட்டு. நான் பார்த்தபோது ஆடியவர்கள் திஷானி தோஷியும் களரி வீரர் ஷாஜி ஜானும். இத்தனை ஆண்டுகளாக மனத்தில் வீணையை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். குரலின் நீண்ட கார்வை நினைவில் தந்தியாகிவிட்டது போலும்.

மார்ச் 18, இரவு 10

கேள்வி கேட்ட வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார்: நான்காவது நடனத்தில் பாதியில் ஒலி நின்றதே, அது அமைப்பிலேயே உள்ளதா?

இல்லை. அரங்கத்தில் ஒலிக்கருவியின் இணைப்பு விட்டுப்போனது. நிகழ்ச்சி முடிந்து கேட்டபோது ஊழியர் ஒருவர் வருத்தத்துடன் சொன்னார். ஆடியவர்கள் நிறுத்தவில்லை. ஆடிய பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும், உடன் ஆடிய இளைஞனுக்கு இருபத்தைந்து. இசை போனதும் அரங்கத்தின் குளிர்சாதன இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது. அடுத்து காலடி ஓசை. ஈரப் பாதம் விரிப்பில் இழுபடும் கிறீச். அதற்கும் பிறகுதான் எனக்கு அது காதில் விழுந்தது: ஒவ்வொரு முறை இருவரும் சேர்ந்து அசைவதற்கு முன்னால் அந்தப் பெண்மணி மூக்கு வழியாக ஒரு மூச்சைச் சற்றே உரக்க இழுத்தார். அதுதான் குறி. இளைஞன் அவருக்கு முதுகு காட்டி நின்ற இடங்களிலும் இருவரும் ஒரே நொடியில் திரும்பினார்கள். இசை இருந்தபோதும் அந்த மூச்சு இருந்திருக்கும், நமக்குக் கேட்கவில்லை. தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரின் தட்டுக்கழி ஓசையில் வளர்ந்தவன் நான். அன்று நட்டுவாங்கம் ஒருவருடைய மூச்சில் நடந்தது.

முன்வரிசையில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். "அம்மா, பாட்டு எங்கே போச்சு?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர் வாயைப் பொத்தப் போனார். அவர் பொத்துவதற்குள் அவளே, "அவங்க வயித்துக்குள்ள போயிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். அரங்கம் சிரித்தது. ஆடியவர்களும் சிரித்தார்கள், ஆட்டத்தை விடாமலே. அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு அவர்கள் ஆடிய கடைசி மூன்று நிமிடங்கள்தான் அன்றைய மாலையில் எனக்கு மிகப் பிடித்தவை.

மார்ச் 24

பொதுமக்களுக்கான ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தேன். எனக்கு 54 வயது, வாழ்நாளில் ஆடியதில்லை. இத்தனை எழுதிய பிறகு ஒருமுறையாவது செய்து பார்க்காமல் இருப்பது முறையில்லை என்று பட்டது.

முதல் பத்து நிமிடம் சும்மா நிற்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றால், நாம் நிற்கவே இல்லை என்று தெரிகிறது. கணுக்கால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. பாக்ஸ்டன் இதைத்தான் சிறு நடனம் என்று பெயரிட்டு அழைத்தார்.

பிறகு முதுகோடு முதுகு. எனக்கு இணையாக வந்தவர் கல்லூரி மாணவர். "எடையைக் கொடுங்கள், சார்" என்றார் பயிற்சியாளர். கொடுத்தேன். "இன்னும் கொடுக்கவில்லை" என்றார். கொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். என் தொடையைத் தொட்டுக் காட்டினார். கல்லாக இறுகியிருந்தது. அந்தப் பையனுக்குப் பாரமாகிவிடுவேனோ என்ற அச்சம் அது. நான் வாய் திறப்பதற்கு முன்னால் பையனே சொன்னான்: "சார், நீங்கள் பாதி கொடுத்தால்தான் எனக்குக் கஷ்டம். எந்தப் பக்கம் போவீர்கள் என்று தெரியவில்லை."

திருவல்லிக்கேணியில் என் தாய்மாமா சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கியாக இருந்தவர். பார்த்தசாரதி கோயில் புறப்பாட்டில் அவர் தோளில் தண்டு ஏறி இறங்கிக் காய்ப்பு காய்த்திருக்கும், கண்ணங்கரேலென்று, ஒரு வடை அளவுக்கு. சிறுவனாக அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். புதிதாக வரும் இளைஞர்களிடம் அவர் சொல்வதும் நினைவிருக்கிறது: "தோள் கொடுத்தால் முழுக்கக் கொடு. பாதி கொடுக்கிறவன் பக்கத்தில் இருப்பவன் இடுப்பை ஒடிக்கிறான்." நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கல்லூரிப் பையன் வாயில் அதைக் கேட்டேன்.

கடைசி ஐந்து நிமிடம் கொடுத்தேன். இரண்டு முதுகுக்கும் நடுவில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. அவன் மூச்சு என் விலாவில் தெரிந்தது. காதல் இல்லை, நட்புகூட இல்லை, பெயரே கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பிரிந்து நின்றபோது முதுகு குளிர்ந்தது.

ஏப்ரல் 5, காலை 9.30

மயிலாப்பூரிலிருந்து இப்போதுதான் வந்தேன். கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவின் மூன்றாம் நாள், விடியலில் அதிகார நந்தி வாகன சேவை. ஒவ்வோர் ஆண்டும் போகிறவன்தான். இதுவரை வெள்ளி நந்தியையும் சுவாமியையுமே பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டு கீழே பார்த்தேன்.

மாட வீதியின் திருப்பம். தண்டின் உள்பக்கத்தில் இருக்கும் சீர்பாதம் தாங்கிகள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கிறார்கள், வெளிப்பக்கத்தில் இருப்பவர்கள் எட்டி நடக்கிறார்கள். மேலே நந்தி துளியும் சாயவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை, நாகசுரத்துக்கும் கூட்டத்தின் இரைச்சலுக்கும் நடுவில் யார் மூச்சு யாருக்குக் குறி என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த ஆண்டு இன்னும் அருகில் நிற்க வேண்டும்.

ஆள் மாற்றுவதைப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு பெரியவர், நரைத்த மார்பு. பின்னாலிருந்து ஓர் இளைஞன் வந்து, மடித்த துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, தண்டின் அடியில் நுழைந்தான். பெரியவர் உடனே விலகவில்லை. இரண்டு அடி இருவரும் சேர்ந்து சுமந்தார்கள். மூன்றாவது அடியில் பெரியவர் குனிந்து வெளியே வந்தார். வந்தவர் நகர்ந்துவிடாமல், உள்ளங்கையை அவன் முதுகில் வைத்தபடி இன்னும் நாலைந்து அடி கூடவே நடந்தார். அவன் நடை பிடிபட்டதும் கையை எடுத்துக்கொண்டு நீர்மோர்ப் பந்தல் பக்கம் போனார்.